ராஹிலுக்கு இரண்டு புத்தகங்கள்

நான் பொய் சொல்லத் தெரியாதவள் என்று தாராவியில் எனக்குப் பேர். வாயைத் திறந்தால் பட்டென்று உடைத்துப் பேசுகிறவள், இவளிடம் பார்த்துப் பேச வேண்டும் என்று தொண்ணூறடி ரோட்டுக் கறிக்கடைக்காரர்கூடச் சொல்வார். அப்படிப்பட்ட நான் ஏழு மாதம் ஒரு நூலகத்தில் பொய் சொன்னேன். இறந்துபோன என் மகன் வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறான் என்று சொன்னேன்.

அவன் பெயர் ராஹில். பிறந்த ஏழாம் மாதத்திலேயே ரத்தத்தில் கோளாறு, தலசீமியா என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு முன் இரண்டு நாள் துவண்டு கிடப்பான். ஏற்றுகிற நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விடும். நான்காம் வகுப்பில் இருக்கும்போது ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டு, வருகைப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டி, முதலில் வைத்தியம் பார்த்துவிட்டுப் பிறகு அனுப்பு என்றார். ஆயுசுக்கும் இதுதான் வைத்தியம் என்று அவரிடம் நான் ஏற்கெனவே மூன்று முறை சொல்லியிருந்தேன். எனக்கு வந்ததே கோபம். அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். "என் புள்ளய எனக்குப் படிக்க வைக்கத் தெரியும்" என்று வாசலில் நின்று கத்திவிட்டு வந்தேன்.

அடுத்த மாதமே இளையவள் பரீஹாவையும் நிறுத்தினேன். அவளுக்கு ஆறு வயது, முதல் வகுப்பு. நான் மகனோடு ஆஸ்பத்திரியில் இருக்கிற நாளில் அவளைப் பள்ளியில் கொண்டு விடவும் கூட்டி வரவும் ஆளில்லை. என் வீட்டுக்காரர் மன்சூர் அலிக்குப் பை தைக்கிற கார்கானாவில் வேலை. காலையில் போனால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவார். அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை. பரீஹாவைக் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்று நினைத்தேன்.

கத்தியது சுலபம், படிக்க வைக்க வேண்டுமே. நான் ஊரில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டித்தான் வரும். அப்படி இருந்த எங்களுக்குக் கிடைத்ததுதான் மாட்டுங்கா நூலகம். லேபர் கேம்ப் வழியாக நடந்தால் இருபத்தைந்து நிமிடம். மாடியில் குழந்தைகள் பிரிவு. அதன் பொறுப்பில் இருந்தவர் விஜயலக்ஷ்மி மேடம், பாலக்காட்டுக்காரர், செம்பூரிலிருந்து தினமும் வருகிறவர். ஆளுக்கு ஒரு கார்டு, ஒரு கார்டுக்கு இரண்டு புத்தகம். நான், ராஹில், பரீஹா, ஆக மொத்தம் ஆறு. செவ்வாயும் சனியும் போவோம்.

எங்கள் படிப்புக்குப் பாடத்திட்டம் எல்லாம் கிடையாது. வாரத்துக்கு ஒரு கேள்வி. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம். லோக்கல் ரயிலுக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? மழை ஏன் ஜூனில் சொல்லி வைத்த மாதிரி வருகிறது? ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்கு ஏன் சேருவதில்லை? இந்தக் கடைசிக் கேள்வியை ராஹில்தான் எழுதினான். அந்தக் கேள்விக்கு எந்தப் புத்தகத்தில் பதில் என்று மேடத்திடம் கேட்டு, ஆறு புத்தகம் தூக்கி வருவோம். அவன் இங்கிலீஷில் இருப்பதைப் படித்து எங்களுக்குச் சொல்வான். நான் தமிழில் இருப்பதை வாசித்துக் காட்டுவேன், இரண்டு பேருக்கும் தமிழ் சரியாக வாசிக்க வராது. பரீஹா படம் வரைவாள். அந்த ரத்தக் கேள்விக்கு நாலு வாரம் ஆனது. முடிக்கிறபோது டாக்டரிடமே குறுக்குக் கேள்வி கேட்கிற அளவுக்கு வந்துவிட்டான். அதனால்தான் மேடம் அவனை வக்கீல் ஸார் என்று கூப்பிடுவார். எந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அதில் என்ன தப்பு என்று ஒரு வாதம் வைத்திருப்பான்.

போன ஜூலையில் காய்ச்சல் வந்தது. ஏற்றிய ரத்தத்தால் இரும்புச் சத்து சேர்ந்து சேர்ந்து இருதயம் ஏற்கெனவே பழுது என்றார்கள். ஐந்தாம் நாள் என் பிள்ளை மௌத்தாகிவிட்டான். பதினான்கு வயது, நாலு மாதம்.

வந்தவர்கள் எல்லாம், அல்லாஹ் கொடுத்தான், அல்லாஹ் எடுத்துக்கொண்டான் என்றார்கள். சரிதான். ஆனால் கொடுத்ததும் எடுத்ததும் என் வீட்டில் அல்லவா?

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த வாரம் பரீஹாவோடு நூலகத்துக்குப் போனேன். ஆறு புத்தகமும் வீட்டில் கிடந்தன. கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவன் கார்டையும் ஒப்படைத்துவிட்டு வருவதுதான் எண்ணம். படி ஏறி மேசை முன்னால் நின்றதும் மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"ஒண்ணரை மாசமா எங்கே போயிட்டேள் எல்லாரும்? வக்கீல் ஸார் எங்கே? அவனுக்குன்னு ரெண்டு புஸ்தகம் எடுத்து, வேற யார் கண்ணிலும் படாம வெச்சிண்டிருக்கேன்" என்று மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வைத்தார். ஒன்று ஆக்டோபஸ் பற்றியது, இன்னொன்று பாலங்கள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பரீஹா, "காக்கா வீட்டுல இருக்கான் மேடம்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். நான் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். கல் மாதிரி நின்றாள். பிள்ளை மனது இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, இப்போது போட்டு உடைத்தால் இவளும் உடைந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவன் கார்டை எடுத்து நீட்டினேன். மேடம் முத்திரை குத்திக் கொடுத்தார். ஆறு புத்தகத்தோடு வீட்டுக்கு வந்தோம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஒரு பிள்ளையையே மறைத்தேன். ஒவ்வொரு முறையும் மேடம் அவனுக்கென்று இரண்டு எடுத்து வைத்திருப்பார். ஒவ்வொரு முறையும், உடம்புக்கு முடியவில்லை, மாடி ஏற முடியவில்லை என்று நான் ஏதாவது சொல்வேன். பரீஹா வீட்டுக்கு வந்ததும் அவன் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து அந்த இரண்டைத்தான் முதலில் எடுப்பாள். சத்தமாக வாசிப்பாள். கேட்கக் கேட்க எழுந்து வெளியே போய்விடலாம் என்றிருக்கும். இருந்தாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பிள்ளைக்கு இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது, கெடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

பரீஹாவுக்காக என்று சொல்லிக்கொண்டேனே தவிர, அதுவும் முழுக்க நிஜமில்லை. ஒரு நாள் மேடம், "ஆக்டோபஸ் புஸ்தகம் என்ன சொன்னான்?" என்று கேட்டார். யோசிக்காமலே என் வாயில் வந்தது: "அதுக்கு மூணு இருதயமாமே. எனக்கு ஒண்ணே ஒழுங்கா வேலை செய்யல, அதுக்கு எதுக்கு மூணு, இது என்ன நியாயம்னு கேக்கான் மேடம்." மேடம் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அச்சு அசல் அவன் பேசுவது போலவே இருந்தது. அன்று படி இறங்கும்போது நான் சந்தோஷமாக இருந்தேன். வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறக்கிற வரைக்கும் இருந்தேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அட, வக்கீல் ஸாருக்கு அடுத்த வாரம் பதினஞ்சு ஆறதே!" என்றார். பதினைந்து முடிந்தால் குழந்தைகள் கார்டு செல்லாது. பெரியவர்கள் பிரிவுக்குப் புது மனு கொடுக்க வேண்டும். புதுப் போட்டோ, அவன் கையெழுத்து. "மாடி ஏற வேண்டாம், கீழே ஆட்டோவிலேயே உக்காந்திருக்கட்டும், நான் இறங்கி வந்து பாக்கறேன். பாத்து எத்தனை மாசமாச்சு" என்றார்.

"ஃபாரத்தக் குடுங்க மேடம், வீட்டுலயே கையெழுத்து வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

மறுநாள் காலை வேலை முடிந்ததும் ஃபாரத்தைத் தரையில் விரித்து உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரிக் கோப்புக்காக எடுத்த அவன் பாஸ்போர்ட் போட்டோ எட்டில் மூன்று மீதி இருந்தது. ஒன்றை எடுத்துக் கோந்து தடவி ஒட்டினேன். பெயர், விலாசம் எல்லாம் எழுதினேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கையெழுத்துக் கட்டம் மட்டும் பாக்கி.

"ஏட்டி பரீஹா, காக்கா கையெழுத்து உனக்குப் போட வரும்லா? இங்க போடு."

அவன் இருந்தபோது அவன் கையெழுத்தைப் போட்டுக் காட்டி அவனைக் கிண்டல் செய்வாள். வந்து உட்கார்ந்து பேனாவை வாங்கினாள். போட்டோவைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"போதும் உம்மா."

"என்னட்டி போதும்?"

"காக்கா மௌத்தாயிட்டான்."

எட்டு மாதத்தில் அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. "எனக்குத் தெரியாதா? உனக்காகத்தான நான் இவ்வளவும்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்காகவா? நான் உனக்காகல்லா சொன்னேன்! அன்னைக்கு மேடம் கேட்டதும் உன் மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? நீ அங்கயே விழுந்துருவேன்னு நினைச்சேன். அதான் வீட்டுல இருக்கான்னு சொல்லிட்டேன். நீ உடனே கார்ட எடுத்துக் குடுத்துட்ட. சரி, உம்மாக்கு இது வேணும்போலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

"அப்ப அதெல்லாம் எதுக்குட்டி சத்தமா வாசிச்ச?"

"நீ பக்கத்துலயே உக்காந்து கண்ண மூடிக் கேட்டுக்கிட்டிருந்த. நிறுத்துனா அழுவியோன்னு பயம். எனக்கு அந்த புக்கு ஒண்ணுமே பிடிக்கல உம்மா. பாதி எனக்குப் புரியவே இல்ல."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது சும்மா இல்லை. ஏழு மாதம் நான் அவளுக்கு விஷத்தை ஊட்டினேன், அவள் எனக்கு ஊட்டினாள். இரண்டு பேரும் மருந்து என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அவள் அதோடு நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு ஸ்கூலுக்குப் போணும்" என்றாள்.

"என்னது?"

"ஸ்கூலுக்கு. எப்பவுமே போணும்னுதான் இருந்துச்சு. காக்காவுக்காகத்தான் சொல்லல."

"இப்ப அவன் இல்லங்கிறதும் உனக்கு வசதியாப் போச்சு, அப்படித்தான?"

நான்தான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். சொன்னதோடு விடாமல் முதுகில் ஒரு அடியும் வைத்தேன். அவள் அழவில்லை. "அவன் இருந்தா நான் சொல்லியே இருக்க மாட்டேன் உம்மா" என்று மட்டும் சொன்னாள்.

எனக்கு அவள் மேல் என்ன கோபம்? ஒரு கோபமும் இல்லை. அவளும் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த ஒற்றை அறையில் நான் யாருக்கு உம்மா? சுவரில் யாருடைய கேள்வியை ஒட்டுவேன்? அந்தப் பயத்தைத்தான் அவள் முதுகில் இறக்கினேன். ஆறு வயதில் அவளைக் கேட்காமல் நிறுத்தினேன், என் வசதிக்கு. பத்து வயதில் மறுபடியும் என் வசதிக்கு அவளைப் பிடித்து வைத்திருந்தேன்.

இரண்டு மணிக்குச் சாப்பிட வந்த மன்சூர் அலி தரையில் கிடந்த ஃபாரத்தை எடுத்துப் பார்த்தார். கார்டு விஷயமே அவருக்குத் தெரியாது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போட்டோவை விரலால் தடவினார்.

"இவளயாவது அனுப்பு ஃபர்ஸானா" என்றார். அன்று அவர் சாப்பிடாமலே கார்கானாவுக்குப் போனார்.

சனிக்கிழமை நானும் பரீஹாவும் போனோம். மேசையில் மேடம் வழக்கம்போல இரண்டு புத்தகம் எடுத்து வைத்திருந்தார். ஜன்னல் பக்கம் எட்டி, "ஆட்டோ எங்கே? வந்திருக்கானா?" என்று எழுந்தார்.

"உக்காருங்க மேடம்" என்றேன். "ராஹில் இல்ல. ஜூலையிலயே மௌத்தாயிட்டான். நான் பொய் சொல்லிட்டேன்."

அவருக்கு முதலில் புரியவில்லை. "ஜூலையா? போன மாசம்கூட அந்தப் பாலத்துப் புஸ்தகத்தைத் திரும்பக் கேட்டான்னேளே" என்றார். பிறகு புரிந்தது. அவர் அழுவார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"ஏழு மாசம்! வாராவாரம் ஒவ்வொரு ஷெல்ஃபாத் தேடினேனே, இது அவனுக்குப் பிடிக்குமா, இதுல என்ன தப்புக் கண்டுபிடிப்பான்னு. யாருக்குத் தேடினேன் நான்? சொல்லப்படாதா? சொல்லியிருந்தா நானும் ஒரு நாள் உக்காந்து அழுதிருப்பேனோல்லியோ? எனக்கு அந்தப் பாத்தியதைகூட இல்லையா ஃபர்ஸானா?"

அவனுக்காகத் துக்கப்பட இந்த ஊரில் இன்னும் ஒரு ஆள் இருந்ததை நான் நினைத்தே பார்க்கவில்லை. எங்கள் வீட்டு மூன்று பேரோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டேன். மேசை மேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதறவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினார். அவன் பெயரில் போன புத்தகங்கள் எல்லாம் வரிசையாக வந்தன. எது அவன் படித்தது, எது நாங்கள் நடித்தது என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. கார்டை ரத்து செய்ய ஒரு காரணம் கேட்டது. கார்டு தொலைந்தது, வீடு மாறினார், பதினைந்து வயது நிறைந்தது, பிற. மேடம் இரண்டு முறை மேலும் கீழும் பார்த்தார்.

"குழந்தைகள் செக்‌ஷனோன்னோ, அந்தக் காரணமே இதுல இல்லை" என்றார். "வீடு மாறினான்னு போட்டுடட்டுமா?"

"வேண்டாம் மேடம். உள்ளதப் போடுங்க."

'பிற' என்பதில் தட்டிவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். பரீஹா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்று நாங்கள் எந்தப் புத்தகமும் எடுக்கவில்லை.

ஜூனில் பரீஹாவைச் சேர்த்தேன். வயதுக்குத் தகுந்த வகுப்பு என்று ஐந்தாவதில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் நாள் வாசல் வரை போனேன். உள்ளே போகிறவள் ஒரு முறை திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன், பார்க்கவில்லை. அவ்வளவு ஆசை அவளுக்கு. நான் அங்கேயே நின்று துப்பட்டாவைச் சரி செய்கிற மாதிரிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் வீட்டில் இருக்க முடியவில்லை. கால் தானாக மாட்டுங்காவுக்கு நடந்தது. மழை பிடித்து, முழங்கால் வரை நனைந்து மாடி ஏறினேன். கூட யாரும் இல்லாமல் அந்தப் படியில் ஏறியது அதுதான் முதல் தடவை. மேசை முன்னால் ஒரு பையனும் அவன் அம்மாவும் நின்றிருந்தார்கள். மேடம் அவர்களை ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"பரீஹா ஸ்கூலுக்குப் போறாளா?"

"போறா மேடம். ராத்திரியே பைய எடுத்து வச்சிருதா."

"நல்லது. நீங்க தனியா வந்தேளே, அதுவும் நல்லதுதான். உங்க கார்டுல ரெண்டு எடுத்துக்கலாம். என்ன வேணும், சொல்லுங்கோ, தேடித் தரேன்."

அவர் புத்தகத்தைத்தான் கேட்டார், எனக்குத் தெரியும். கதைப் புத்தகம் ஏதாவது சொல்லலாம் என்று யோசித்தேன், சமையல் புத்தகம் சொல்லலாம் என்று யோசித்தேன். தமிழ் ஷெல்ஃபைப் பார்த்தேன்.

"எனக்கு எம் புள்ள வேணும் மேடம்" என்றேன்.

அந்தப் பையனும் அவன் அம்மாவும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். நனைந்த என் தோளைப் பிடித்துச் சிறு பிள்ளைகள் உட்காரும் அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார வைத்து, பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டுத் தானும் உட்கார்ந்தார்.